தாத்தாவின் கல்லில் ஒரு வரி

மோகனூர் காவிரிப் படித்துறையில் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஐயர் என் அப்பாவிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "உங்கப்பா தவறினது எந்த மாசம், எந்தத் திதி?" அப்பாவும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "தெரியலீங்க சாமி." எள்ளும் தண்ணீரும் அந்தப் பதிலோடு ஆற்றில் போகும்.

அப்பா எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தாத்தா பழனியப்பன் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். கேமரன் மலையில் தேயிலைத் தோட்ட வேலை. நாலைந்து வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவருக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊர் திரும்பிய யாரோ சொன்னார்கள். அதோடு சரி. அப்பாவுக்கு இப்போது எழுபத்தேழு வயது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர், காது மந்தமானதும் மூடிவிட்டார்.

நான் அதே ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வருடம் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைத்ததும், நான் போய்த் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"சமாதிக் கல்லு ஏதாச்சும் இருந்தா தேதியை எழுதிட்டு வா கண்ணு. ஆளுகளைத் தேட வேண்டாம்."

எனக்கும் ஆட்களைத் தேடும் ஆசை இல்லை. அந்த ஆட்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறாமை. பள்ளிக்கூடத்தில் தகப்பனார் பெயரை எழுதிவிட்டு, தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்ற பையன் என் அப்பா. அவருக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது வாடகை சைக்கிள் கடைக்காரர். கடல் தாண்டி வேறு யாரோ அந்த மனிதரை அப்பா என்று தினமும் கூப்பிட்டு வளர்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மலேசியாவில் முதல் நாள், கேமரன் மலைக்கு ஏறும் பேருந்திலேயே போனது. எங்கள் கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு, எண்ணிக்கொண்டே ஏறிவிடலாம். இந்த மலையில் வளைவுகளை யாரும் எண்ணி வைத்ததாகத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு இஞ்சி மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அரைகுறை ஆங்கிலத்தில், "கண்ணை மூடாதே, மூடினால்தான் குமட்டும்" என்றார். பேரன் பிறந்திருக்கிறான், பார்க்கப் போகிறேன் என்று கைபேசியில் படம் காட்டினார். அந்தக் குழந்தைக்கு அப்பா வழியில் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் உயிரோடு இருக்கிறார்களாம். மிட்டாயை வாங்கிக்கொண்டே அந்தக் குழந்தை மேலும் பொறாமைப்பட்டேன்.

பாதி மலையில் பேருந்தின் இஞ்சின் சூடேறி நின்றது. எல்லோரும் இறங்கி, சாலையோரக் கடையில் அவித்த சோளம் வாங்கித் தின்றோம். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் மூன்று பேர் இஞ்சினுக்குள் தலையை விட்டு யோசனை சொல்லியிருப்பார்கள்.

தானா ராத்தாவில் இறங்கியபோது மழை தூறியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் உணவுக்கடை. ரொட்டி சானாய் என்று தட்டில் வந்தது நம் பரோட்டாவின் மெலிந்த தம்பி. கூடவே பருப்புக் குழம்பு. கல்லாவில் இருந்த பெரியவர் என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இந்தியாலேர்ந்தா வறீங்க? தனியாவா? என்னா விசியம்?"

சொன்னேன். அவர் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த ஒரு சட்டத்தைக் காட்டினார். ராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து கிளம்பிய அவருடைய முப்பாட்டனாரில் தொடங்கி, கிளை கிளையாகப் பெயர்கள். கடைசிக் கிளையில் போன மாதம் பிறந்த குழந்தை வரைக்கும் இருந்தது.

"பாட்டனாரு வந்த கப்பலு பேருகூட வூட்டுல எழுதி வச்சிருக்கோம்" என்றார்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் புகைப்படம்கூடக் கிடையாது.

"நம்ம மணியத்தோட கெரேத்தாவுல போங்க. தோட்டத்துல பொறந்த ஆளு. எல்லாக் குழிமேடும் அவருக்குத் தெரியும்" என்றார் பெரியவர். கெரேத்தா என்றால் கார். குழிமேடு என்றால் இடுகாடு. இரண்டையும் அன்று இரவே மனப்பாடம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை மணியம் வந்தார். அறுபது வயது இருக்கும். காருக்கு அதைவிட ஒன்றிரண்டு குறைவு. பிரிஞ்சாங் தாண்டி மேலே போக வேண்டும். கியா பார்ம் பக்கம் வந்ததும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக உறைந்து நின்றன. இருபுறமும் கோஸும் ஸ்ட்ராபெரியும் விற்கும் கடைகள். ஸ்ட்ராபெரி வடிவத் தொப்பி போட்ட குடும்பங்கள் சாலையின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன.

"ஸ்கூல் லீவு லா. கேஎல் ஜனம் பூரா இங்கதான் இருக்கு" என்று மணியம் இஞ்சினை அணைத்தார். கேஎல் என்றால் கோலாலம்பூர், லா என்பது இங்கே எல்லாப் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்வது. ஒரு மணி நேரத்தில் நாங்கள் நகர்ந்த தூரத்தை நான் நடந்தே இரண்டு தடவை போய் வந்திருப்பேன்.

மதியத்துக்கு மேல் ஒரு பழைய தோட்டப் பிரிவின் குழிமேட்டை அடைந்தோம். சுற்றிலும் தேயிலை, நடுவில் சரிவாகக் கல்லறைகள். சிலவற்றுக்குத் தகரக் கூரை, சிலவற்றுக்குக் குளியலறை ஓடு பதித்த திண்டு. கல்லில் ஓம் என்ற எழுத்து. அதன் கீழே பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், தோற்றம், மறைவு. பிறகு மனைவி, மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். ஒரே கல்லில் ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் இருக்கிறது. பிள்ளை இல்லாதவருக்கு அக்கா மகன் கல் வைத்திருக்கிறான். இரண்டு மனைவிகளின் பெயரையும் அடுத்தடுத்துச் செதுக்கி, சண்டை வராமல் ஒரே அளவு எழுத்தில் போட்டிருந்தது இன்னொரு கல். துறையூரிலிருந்து வந்த ஒருவருக்குப் பத்தொன்பது பேரப்பிள்ளைகள். பத்தொன்பது பெயரையும் நின்று படித்தேன். ஒருத்தியின் பெயரும் என் பெயரும் ஒன்று. கலைவாணி. அவளுக்குத் தாத்தாவின் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது.

கல்லே இல்லாத மேடுகளும் இருந்தன. தலைமாட்டில் ஒரு ஆற்றுக்கல், கால்மாட்டில் ஒரு குரோட்டன்ஸ் செடி, அவ்வளவுதான்.

"இதெல்லாம் யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வூட்டு ஆளுங்களுக்குத் தெரியும் லா. அந்த ஆளுங்களும் போயிட்டா முடிஞ்சிச்சு" என்றார் மணியம்.

ஒரு நிமிடம் நினைத்தேன்: தாத்தாவும் இப்படி ஒரு மேடாகவே கிடக்கட்டும். எங்களை விட்டுவிட்டு வந்தவருக்கு இங்கே கல்லும் பெயரும் எதற்கு? பிறகு அப்பா படித்துறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து, மழை பலமாகப் பிடிக்கும்வரை மிச்சக் கல்லையெல்லாம் பார்த்தேன். பழனியப்பன் இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே கிளம்பினோம். நெரிசலுக்கு முன்பே கியா பார்மைத் தாண்டிவிட்டோம். இது வேறு தோட்டம். தொழிற்சாலைக்கு மேலே, மூடுபனிக்குள் இருந்தது குழிமேடு. வாயிலில் இருந்து நாலாவது வரிசை, மூன்றாவது கல்.

"நாமக்கல் மோகனூர் பழனியப்பன்."

எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கல்லின் நடுவே முட்டை வடிவப் பீங்கானில் ஒரு முகம். அப்பாவின் காது. அப்பாவின் நெற்றி. ரத்தம் எடுக்கும்போது ஆயிரம் பேரின் முகத்தைப் பார்க்கிறவள் நான். கைக்குட்டையால் பனி ஈரத்தைத் துடைத்துவிட்டு அந்த ஒரு முகத்தை மறுபடியும் பார்த்தேன்.

மறைந்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. என் பெற்றோரின் கல்யாணத் தேதி எனக்கு மனப்பாடம். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தின் கீழேயே எழுதியிருக்கும். இந்தத் தேதி அதற்கு ஒன்பது நாள் முன்னால் இருந்தது. அவர் இங்கே அடங்கிய வாரத்தில் அங்கே பந்தக்கால் நட்டிருக்கிறார்கள். மகன் தீட்டோடு மணவறையில் உட்கார்ந்திருக்கிறான். கல்யாணப் படத்தில் என் அப்பாயி தலை நிறையப் பூவோடு நிற்பார். அதற்குப் பிறகும் பதினோரு வருடம் பூவும் பொட்டுமாக வாழ்ந்து, சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தார். ஊரே கொடுத்துவைத்தவள் என்று சொல்லி அனுப்பியது.

கல்லின் கீழ்ப்பகுதியைப் படித்தேன். 'அன்பு மனைவி அஞ்சலை. அன்புப் பிள்ளைகள்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குச் சிமெண்டுப் பூச்சு. எங்கோ உடைந்து ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு இரண்டு பெயர்கள். சுப்ரமணியம். லெட்சுமி. அப்பாவின் பெயர் இல்லை.

இருக்காது என்று தெரிந்துதான் வந்தேன். ஆனாலும் கீழ்ப்பகுதியை இன்னொரு தடவை படித்தேன். கல்லின் முன்னால் அன்று காலை ஏற்றிய அகல்விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. புதுச் சாமந்தி வேறு.

எனக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்த மணியம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இது மண்டோர் பழனி லா! லெச்சுமி அக்காவோட அப்பா! பழனியப்பன்னு சொன்னா யாருக்குத் தெரியும்? மண்டோர்னு சொல்லியிருந்தா நேத்தே கூட்டியாந்திருப்பேனே!" மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரி.

"பரவாயில்லைங்க, தேதி கிடைச்சிருச்சு. போலாம்" என்றேன்.

அவர் அதற்குள் கைபேசியைக் காதில் வைத்திருந்தார். "அக்கா, இந்தியாலேர்ந்து ஒரு அம்மா வந்துருக்காங்க. உங்கப்பா கல்லுகிட்டதான் நிக்கிறாங்க."

பத்து நிமிடத்தில், ரப்பர் பூட்ஸும் மழைச்சட்டையும் போட்ட ஒரு அம்மாள் தேயிலைப் பாத்திகளுக்கு நடுவில் மூச்சு வாங்க ஏறி வந்தார். அறுபத்தெட்டு வயது என்று பிறகு தெரிந்தது. என் முன்னால் நின்று என் முகத்தையே பார்த்தார்.

"நீ முருகேசு அண்ணன் மகளா?"

முருகேசன் என் அப்பா. "எப்படித் தெரியும்?" என்றேன்.

"இந்தியாலேர்ந்து இந்தக் கல்லத் தேடிக்கிட்டு வேற யாரு வருவா?"

உறவு முறைக்கு அவர் எனக்கு அத்தை. அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. "வணக்கங்க" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போனார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருக்கிறார். அண்ணன் சுப்ரமணியம் கோலாலம்பூரில் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சுடுசோறு, மத்தி மீன் குழம்பு, நெத்திலிச் சம்பல், தோட்டத்துக் கோஸ் பொரியல். குழம்பில் எங்கள் வீட்டைப் போலவே சோம்பு தூக்கலாக இருந்தது. "அப்பாவுக்கு சோம்பு போட்டாதான் எறங்கும்" என்றார். அவர் சோம்பு விரும்பிச் சாப்பிடுவார் என்பதை இவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று நினைத்தபடி சாப்பிட்டேன்.

பிறகு படங்களை எடுத்து வந்தார். லாரியின் முன்பக்கத்தில் ஒரு சிறுமியை உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் தாத்தா. தைப்பூசத்துக்கு வெள்ளைச் சட்டையில் தாத்தா. தானா ராத்தா பள்ளி வாசலில் ரெட்டைச் சடைப் பெண்ணின் கையைப் பிடித்தபடி தாத்தா.

"அம்மா விடியுமுன்ன கொழுந்தெடுக்கப் போயிடுவாங்க. அப்பாதான் எனக்கு தல பின்னி வுடுவாரு. நல்லா இழுத்துப் பின்னுவாரு, கண்ணுல தண்ணி வந்துடும்" என்று சிரித்தார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்து, வேண்டுமென்றேதான் சொன்னேன். "கல்லுல எங்கப்பா பேரு மட்டும் இல்லைங்களே."

அவருடைய கை படத்தின் மேல் அப்படியே நின்றது.

"இருந்துச்சு" என்றார்.

அவராகவே சொன்னார்.

"அப்பா நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில பதினெட்டு நாளு கெடந்தாரு. அம்மா வேலைக்குப் போவணும், அண்ணன் அப்ப சிங்கப்பூர்ல இருந்தான். நாந்தான் கூட இருந்தேன். சோறு ஊட்டுனேன், துணி மாத்துனேன். எனக்கும் அப்ப பதினெட்டு வயசுதான். கடைசி ரெண்டு நாளு நெனப்பு தப்பிடுச்சு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, முருகேசு வந்துட்டானா, முருகேசு சாப்ட்டானான்னு கேட்டாரு. நான் இங்க இருக்கேன்ப்பா, லெச்சுமின்னு சொன்னேன். என் பேரு அவரு வாயில வரவே இல்ல."

வெளியே ஏதோ ஒரு லாரி கியர் மாற்றி மேடு ஏறியது. அது போகும்வரை காத்திருந்தார்.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நான் கணக்குல கொறஞ்சா, ஊர்ல என் மவன் இப்ப எத்தனாவது படிப்பான்னு விரல் விட்டு எண்ணுவாரு. பாக்காத ஒரு பையனோட நான் தெனமும் சண்ட போட்டிருக்கேன். அம்மா கல்லுக்குச் சொல்லும்போது, மொதப் புள்ள பேரு மொதல்ல வரணும்னு சொல்லிட்டாங்க. கல்லு வந்துச்சு. முருகேசன் மேல, நாங்க ரெண்டு பேரும் கீழ. நாலாம் நாளு, லைன்ல தண்ணித் தொட்டி கட்ட வச்சிருந்த சிமெண்ட ஒரு டின்னுல கொழச்சு எடுத்துக்கிட்டுப் போயி, இந்த வெரலால பூசிட்டேன்."

"உங்கம்மா பார்க்கலையா?"

"பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் அவங்க குழிமேட்டுக்கே வரல. நான் மட்டுந்தான் போறேன், இன்னிக்கு வரைக்கும்."

அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். இதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயுள் முழுக்க நான் பொறாமைப்பட்ட பெண், ஆயுள் முழுக்க என் அப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். வாடகை சைக்கிளில் விழுந்து முட்டி பெயர்ந்த அந்தப் பையனைப் பார்த்து! உள்ளுக்குள் ஒரு வெற்றி போலக்கூட இருந்தது. ஆனால் அவர் தன் ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார், சிமெண்டு இன்னும் ஒட்டியிருப்பது போல. அதைப் பார்த்ததும் என் சந்தோஷம் நின்றுவிட்டது.

"அத்தை, அப்பாகிட்டப் பேசறீங்களா?" என்று கேட்டேன்.

லைனில் சிக்னல் கிடைக்காது. தொழிற்சாலைக்கு மேலே இருக்கும் வளைவுக்குப் போக வேண்டும். மழைச்சட்டையைக்கூடப் போடாமல் எனக்கு முன்னால் நடந்தார். அங்கே பிற்பகல் நாலு மணி, நாமக்கல்லில் ஒன்றரை. அப்பா சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்தார். கைபேசித் திரையில் அவர் காதுதான் முதலில் வந்தது. அத்தை அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

தேதியைச் சொன்னேன். அப்பா உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "பந்தக்கால் நட்ட வாரம்" என்றார்.

அத்தை கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "அண்ணே, நான் லெச்சுமி" என்று ஆரம்பித்து, என்னிடம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பாவுக்குக் காது கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்திச் சொன்னார். கொழுந்து வெட்டும் எந்திரத்தோடு போய்க்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளிகள் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நாளைக்கே அத சொரண்டி எடுத்துடறேண்ணே" என்று முடித்தார்.

அப்பா கேட்டார். "பதினெட்டு நாளும் நீதான் இருந்தியாம்மா?"

"ஆமாண்ணே."

"ராத்திரியும்?"

"ராத்திரியும் நாந்தான்."

"அப்பறம் என்னம்மா. நான் ஒரு நாளாச்சும் வந்து உக்காந்திருந்தா, எம் பேரு எங்கேன்னு கேக்கலாம். அது கெடக்குது, உடு."

அத்தை அழுதார். நான் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, என் அப்பா யாரிடமும் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. காது மந்தமானதிலிருந்து எங்களிடம் அவர் பேசுவதே சத்தம்தான்.

பிறகு அப்பா இன்னொன்று கேட்டார். "அவரு என்னைய எப்பிடிக் கூப்பிட்டாரு? முருகேசன்னா, முருகேசான்னா?"

"முருகேசுன்னு. கடைசில கொஞ்சம் இழுப்பாரு."

"எங்க, ஒருக்கா அது மாதிரி கூப்புடு."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையைத் தாழ்த்தி, ஆண் குரல் போல, ஊரில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வரப்பில் நின்று கூப்பிடுவார்களே, அதே இழுப்போடு கூப்பிட்டார்.

"முருகேசூ..."

கேமரன் மலைக்கு வந்து மூன்று நாளாக நான் பட்ட பொறாமைகளிலேயே பெரியது எனக்கு அப்போதுதான் வந்தது. அந்தக் குரல் அத்தையிடம் இருந்தது. அந்தப் பெயர் அப்பாவிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் குறிப்பேட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

திரையில் அப்பா கைபேசியைத் தன் நல்ல காதில் வைத்து அழுத்திக்கொண்டார். அதனால் அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை.

"இன்னொருக்கா" என்றார்.